வேல் சிவந்த வெள்ளிக்கிழமை

எரியும் விளக்கைப் பார்த்தே அதற்கு என்ன நோய் என்று சொல்லக்கூடிய வைத்தியர் மலேசியாவின் ஈப்போ நகரில் ஒருவர்தான்: நியான் அண்ணன். கண்ணாடிக் குழாயை வளைத்து, வாயு நிரப்பி, கடைப் பலகைகளை ஒளிரவைப்பது அவர் தொழில். சாலை விளக்கு பச்சைக்கு மாறினாலும் மோட்டார் சைக்கிளை நகர்த்தமாட்டார். பின்னால் லாரி அலறும். அவரோ எதிரிலிருக்கும் துணிக்கடையைப் பார்த்து, "முதலாளி, ஒங்க போர்டுக்குச் சளி புடிச்சிருக்கு!" என்று கத்துவார்.

நிறத்தைப் பார்த்தே எப்படிச் சொல்கிறார் என்று ஒருமுறை கேட்டேன்.

"எலெக்ட்ரான் வேகமா வந்து மோதுது, செக்ரட்டரி. குழாய்க்குள்ள தண்ணி ஆவி மிஞ்சியிருந்தா அந்த மூலக்கூறு ஒடஞ்சிரும். பிரிஞ்ச ஹைட்ரஜன் அணு சும்மா இருக்குமா? வாங்குன அடிய செவப்பு வெளிச்சமா கக்கிரும். அடி வாங்குனது யாருன்னு நெறமே சொல்லும் லா!"

எங்கள் பழைய ரப்பர் தோட்டத்து முருகன் கோயிலுக்கு நீல வேல் ஒன்று செய்யச் சொல்லியிருந்தோம். அது நன்றாக அமைந்தால் கோபுர விளக்கு வேலையும் அவருக்கே என்று பேச்சு. செயலாளரான நான், திறப்பு வெள்ளி மாலை ஆறரைக்கு என்று அழைப்பிதழில் அச்சடித்துவிட்டேன். அன்று மாலை ஐந்து மணிக்குப் பட்டறைக்குப் போனால், குழாயைச் சூடேற்றி, ஒட்டியிருந்த ஈரத்தைப் பம்பால் உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"இன்னும் அரை மணி நேரம். தண்ணி முழுசாப் போகல."

"கண்ணுக்கே தெரியாத தண்ணிக்கு அரை மணி நேரமா? வாயுவ நெரப்புங்க அண்ணே. எதுனாலும் நான் பதில் சொல்லிக்கிறேன்."

முனகிக்கொண்டே நிரப்பினார்.

ஆறரைக்கு வேல் நீலமாக எரிந்தது. ஏழரைக்குள் வெளிறி, ரோஸ் நிறமாகிவிட்டது.

"அலாமாக்! வேலுக்கு லிப்ஸ்டிக் போட்டுட்டாங்க!" என்றார் ஓர் அக்கா. கூட்டமே சிரித்தது.

கோயில் தலைவர் என்னிடம் திரும்பினார். "என்னய்யா இது?"

"நியான் அண்ணே அவசரப்பட்டுட்டாரு" என்றேன்.

அண்ணன் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார். என்னை ஒருமுறை பார்த்தார். "ஆமா தலைவரே, என் தப்புதான். திரும்பச் செஞ்சு தாரேன்" என்றார்.

கோபுர வேலை வேறொருவருக்குப் போயிற்று. கூட்டக் குறிப்பில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று தேதி, மணி, நிமிடத்தோடு எழுதியவனும் நானே. என் குறிப்பேட்டில் தேதி பிசகியதில்லை, உண்மைதான் பிசகியிருக்கிறது.

அடுத்த வாரம் புதுக் குழாயோடு வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் ஏணியில் ஏறிவிட்டார். மேலிருந்து குரல் வந்தது:

"நல்லாப் புடிங்க செக்ரட்டரி. ஒங்கள நம்பித்தான் ஏறியிருக்கேன்."

இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். அவர் இறங்கி, வேல் நீலமாக எரியத் தொடங்கிய பிறகும் என்னால் கையை எடுக்க முடியவில்லை.