மூணு ராணிங்க

எனக்குப் பொய் சொல்ல வராது. ஒழுக்கம் என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம், எவ்வளவோ முயற்சி செய்திருக்கிறேன். வாய்தான் ஒத்துழைப்பதில்லை. இது தெரியாமல் ஆறு மாதம் ப்ளஃப் என்ற சீட்டாட்டம் ஆடித் தோற்றதையும், தெரிந்த அன்றைக்கே என் கல்யாணத்துக்கு நானே உலை வைக்கப் பார்த்ததையும்தான் சொல்லப் போகிறேன்.

அப்போது விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் வேலை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சூளைக்குப் பின்னால் நான்கு பேர் சீட்டோடு உட்கார்ந்துவிடுவோம். மண் கலக்கும் பஷீர், சூளை பார்க்கும் செல்வம், பொம்மைகளுக்குக் கண் எழுதும் கலைவாணி, பேக்கிங்கில் இருந்த நான். ஆட்டம் சுலபம். சீட்டைக் கவிழ்த்துப் போட்டு "ரெண்டு ஏழு" என்று ஏதாவது சொல்ல வேண்டும். சந்தேகப்படுகிறவர் "ஷோ" என்பார். திருப்பிப் பார்த்துப் பொய் என்றால், நடுவில் கிடக்கும் குவியல் முழுவதும் போட்டவர் தலையில். உண்மை என்றால் கேட்டவர் தலையில். கையிலுள்ள சீட்டை முதலில் தீர்ப்பவருக்கு ஜெயம்.

நான் உண்மை சொன்னால் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். பொய் சொன்னால் மூன்று பேரும் ஒன்றாக "ஷோ" என்பார்கள். கிரகம் சரியில்லை என்று கொளஞ்சியப்பர் கோயிலில் சாமிக்குப் பிராது எழுதிக் கட்டலாமா என்றுகூட யோசித்தேன். (யார் மேல் கட்டுவது என்று தெரியாததால் விட்டுவிட்டேன்.)

தோற்பதில் பெரிய வருத்தமும் இல்லை. குவியலை என் பக்கம் தள்ளும்போது கலைவாணி ஒரு சிரிப்புச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு காதலாகி, இரண்டு வீட்டுக்கும் தெரிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவோடு அவள் வீட்டுக்குப் பெண் கேட்கப் போனேன். துணைக்குப் பஷீரும் செல்வமும்.

அவள் அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மீசை முளைத்த பையனை அஞ்சு வயசு என்று சொன்னவர்களையெல்லாம் பார்த்தவர். கேசரி வந்தது, காபி வந்தது, அவரிடமிருந்து சம்மதம் மட்டும் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று கூரையைப் பார்த்தார். அந்த மௌனம் தாங்காமல் பஷீர் சட்டைப்பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தான். நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் சீட்டா என்று அம்மா அவனைப் பார்வையாலேயே எரித்தார். கலையின் அப்பாவோ, என்ன ஆட்டம் என்று விசாரித்து, தனக்கும் சேர்த்துப் போடச் சொல்லிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு நான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! வருங்கால மாமனார் முன்னால் என்பதால் எல்லாமே மரியாதையாகத்தான். "ரெண்டு ஏழுங்க." "ஒரு ராஜாங்க." "மூணு ராணிங்க." (கையில் ஒரு ராணிகூட இல்லை.) பஷீர் முழிக்கிறான், செல்வம் தலையைச் சொறிகிறான், ஒருவரும் ஷோ கேட்கவில்லை. கடைசிச் சீட்டையும் போட்டுவிட்டுத் தலைகால் புரியாமல் எழுந்தே நின்றுவிட்டேன்.

கலைக்குப் பொறுக்கவில்லை.

"இது கள்ளாட்டம்ப்பா. எங்ககிட்ட எப்பவும் வா, போன்னுதான் பேசுவாரு. பொய் சொல்றப்ப மட்டும் தானா 'ங்க' வந்துடும். இன்னிக்கு நீங்க இருக்கறதால எல்லாத்துக்கும் 'ங்க' போட்டுத் தப்பிச்சிட்டாரு."

என் வியாதி எனக்கே அப்போதுதான் தெரிந்தது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அவள் அப்பாவைத் தவிர. அவர் சீட்டைக் கீழே வைத்தார்.

"அப்ப, எம் பொண்ண கடைசி வரைக்கும் நல்லா பாத்துக்குவீங்களா தம்பி?"

"பாத்துக்குவேங்க" என்றால் பொய். "பாத்துக்குவேன்" என்று மொட்டையாகச் சொன்னால் மரியாதை தெரியாதவன். செல்வத்தின் வாய் ஷோ சொல்லத் தயாராகக் குவிந்தே இருந்தது. கலையை நான் நன்றாகப் பார்த்துக்கொள்வேன், என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய உண்மை என்னிடம் இல்லை. அது இந்த மனிதருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். துளி 'ங்க'கூட ஒட்டிவிடக் கூடாது என்று நாக்கை இழுத்துப் பிடித்தேன். பிடி கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

"பாத்துக்குவேன்டா."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பஷீர் தன் செருப்பு எந்தப் பக்கம் கிடக்கிறது என்று எட்டிப் பார்த்தான். அவர் என்னைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார்.

"என்னம்மா, ஷோ கேக்கலாமா?"

"வேணாம்ப்பா," என்றாள் கலை. "கேட்டா நீங்கதான் தோப்பீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா பக்கம் திரும்பி, நல்ல நாளாகப் பார்க்கச் சொன்னார்.

கல்யாணமாகி ஐந்து வருஷம் ஓடிவிட்டது. இன்றைக்கும் மாமனார் வீட்டுக்குப் போனால், "சாப்ட்டீங்களா மாப்ள?" என்பார். வயிறு முட்டத் தின்றுவிட்டுத்தான் போயிருப்பேன். "சாப்ட்டேங்க மாமா" என்பேன். (வேறு எப்படிச் சொல்வது?) உடனே சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுப்பார்:

"மாப்ள பசியோட வந்துருக்காரு, எலையப் போடுங்க."