பத்தொன்பதாவது ஆள்

ரொட்டிப் பெட்டியைக் கையில் வாங்கியதுமே பொர்ஃபிரியோ மாமா கண்கலங்கிவிட்டார்.

"அடியே, வந்துட்டான்டி," என்று அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார். "நான் சொல்லல? நம்ம சாந்தோ என்னை விட்டுட்டுக் கல்யாணம் பண்ணுவானா?"

மாமாவைக் கல்யாணத்தில் சாட்சி நிற்கும் ஞானத்தகப்பனாக இருக்கச் சொல்லிக் கேட்கச் சாந்தோ வரவில்லை. இந்தக் கல்யாணத்தில் ஞானத்தகப்பன், ஞானத்தாய் என்று யாரையும் வைக்கப் போவதில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று பக்குவமாகச் சொல்லத்தான் வந்தான். பெரியவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போவதா என்று வழியில் ஒரு பெட்டி வெண்ணெய் ரொட்டி வாங்கினான் பாருங்கள், அங்கேதான் புத்தி கெட்டது. பிலிப்பைன்ஸின் போஹோல் தீவில் கல்யாணம் நிச்சயமான பையன் ரொட்டிப் பெட்டியோடு ஒரு வீட்டுப் படி ஏறினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வாய் திறந்து கேட்கவே வேண்டாம். கேட்டுவிட்டால் அவர்கள் மறுக்கக் கூடாது. அவர்கள் சரி என்றுவிட்டால் இவன் பின்வாங்க முடியாது.

"மாமா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"நீ ஒன்னும் சொல்ல வேணாம். பன்னி என் பொறுப்பு. முழுசா சுட்டு, தோல் மொறுமொறுன்னு கொண்டுவந்து இறக்கிடறேன்."

இறக்குவதற்கு இடம் வேண்டுமே. கல்யாணம் நடக்கப்போவது கரையிலிருந்து தள்ளி, கடல் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் ஒரு மணல்திட்டில். பதினெட்டுப் பேர் நின்றால் பத்தொன்பதாவது ஆளுக்குக் கால் நனையும். அதற்காகவேதான் அந்த இடத்தைப் பிடித்தார்கள்.

சாந்தோவின் அண்ணன் கல்யாணத்தில் ஊரே திரண்டது. மணமக்களுக்கு முகம் தெரியாத ஞானத்தகப்பன்மாரே ஒரு வரிசை உட்கார்ந்திருந்தார்கள். அண்ணனும் அண்ணியும் ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதுதான் மரிவிக் சொன்னாள், "நம்ம கல்யாணம் நம்மளோடதா இருக்கணும். பதினெட்டு பேர். அதுக்கு மேல ஒரு ஆள் வந்தா எனக்குக் கல்யாணமே வேணாம்."

"எனக்கும் வேணாம், சத்தியமா," என்று சாந்தோ அவளைவிடச் சத்தமாகச் சொன்னான். காதலிக்கும்போது எல்லா ஆம்பளைகளும் அப்படித்தான் சொல்வார்கள்.

மறுநாள் குடிநீர் வாரிய அலுவலகத்தில் அவனுக்கு வேலை ஓடவில்லை. பக்கத்து மேஜை நொனோயிடம் விஷயத்தைச் சொன்னான்.

"ரொட்டிதான்டா தப்பு," என்றான் நொனோய். "இனிமே எங்க போனாலும் கை வீசிட்டுப் போ."

அன்றைக்கே அதற்கு வேளை வந்தது. மேலதிகாரி ரெமெடியோஸ் அம்மாள் கூப்பிட்டு அனுப்பினாள். பொர்ஃபிரியோ மாமாவுக்குக் கிடைத்த கௌரவம் அதற்குள் அவள் காதுக்குப் போயிருந்தது. சாந்தோ கை வீசிக்கொண்டு, போதாததற்குச் சட்டைப் பையும் காலி என்று தெரிகிறாற்போல நிமிர்ந்து, அவள் அறைக்குள் போனான்.

"மேடம், கல்யாண விஷயமா ஒன்னு சொல்லணும்."

அவள் அவன் கைகளைப் பார்த்தாள். முகம் மலர்ந்துபோனது.

"மத்தவங்களுக்குப் பெட்டி, எனக்கு வெறுங்கையா? இதுதான்டா உரிமைங்கறது. பெத்த அம்மாகிட்ட யாராவது பெட்டி தூக்கிட்டு வருவாங்களா? சரி, சம்மதம். பன்னி என்னோடது."

"பன்னி ஏற்கெனவே மாமா..."

"அந்தக் கஞ்சன் கொண்டுவர்றது பன்னியா, பன்னிக்குட்டியா?"

வெளியே வந்தவனை நொனோய் பார்த்தான். கேள்வி கேட்காமல் தண்ணீர் கொடுத்தான்.

அன்று மாலை சாப்பாட்டுக்கடையில் மரிவிக் எதிரே உட்கார்ந்து நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே இருந்தாள். அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். கூட்டம் முண்டியடித்தாலும் நிதானமாக மாத்திரை எண்ணிக் கொடுப்பாள். இப்போது இரண்டு தரம் போன் அடித்தது, இரண்டு தரமும் எழுந்து வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

"உன் பக்கம் யாரும் தொந்தரவு பண்ணலியே?" என்று அவன் முகத்தையே பார்த்தாள்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றே சாந்தோ நினைத்தான். "சே சே, யாரு பண்ணுவா?"

"பதினெட்டுதானே?"

"பதினெட்டேதான்." பிறகு மெல்ல ஆரம்பித்தான். "ஒரு பேச்சுக்குக் கேக்கறேன், இருபதா இருந்தா..."

அவள் கரண்டி கீழே விழுந்தது. "ஏன்? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல இல்ல. சும்மா கேட்டேன்."

"சொன்ன பேச்சு சொன்னதுதான் சாந்தோ. நான் மாற மாட்டேன்," என்றாள் அவசரமாக.

இந்தப் பெண்ணை இழந்துவிடுவோமோ என்ற பயம் அவனுக்கு அப்போதுதான் நிஜமாகவே வந்தது. வீட்டுக்குப் போனதும் சொந்தக்காரர், தெரிந்தவர் எல்லோருக்கும் போனில் ஒரே செய்தியாக அனுப்பினான். 'எங்கள் கல்யாணம் மிக எளிமையாக நடக்கிறது. யாருக்கும் சிரமம் கொடுக்க நாங்கள் விரும்பவில்லை.' இதைவிட நாகரிகமாக ஒருவரை வராதே என்று சொல்ல முடியாது. அதுதான் வினையாகப் போயிற்று. அந்தத் தீவில் யாரும் அவ்வளவு நாகரிகமாகச் சொல்வதை நம்பமாட்டார்கள். பையன் கையில் காசில்லை, கேட்கக் கூச்சப்படுகிறான் என்று முடிவு கட்டினார்கள்.

போன் விடாமல் கூவியது. "என்னடா சிரமம்? நாங்க எதுக்கு இருக்கோம்?" என்றார் ஒரு பெரியப்பா. சர்ச் பாட்டுக் குழு முழுசாக வருகிறோம் என்றது. ஒரு மாமி மேளக்காரர்களைப் பேசிவிட்டாள். விடிவதற்குள் ஞானத்தகப்பன்மார், ஞானத்தாய்மார் மட்டும் மணல்திட்டை மூன்று தரம் நிரப்பும் அளவுக்குச் சேர்ந்துவிட்டார்கள். ஆளுக்கொரு பன்றி வேறு.

"ஓடிப் போயிடு," என்றான் நொனோய், மறுநாள் அலுவலகத்தில்.

"யாரோட?"

"மரிவிக்கோடதான், வேற யாரோட?"

"அவகிட்ட சொல்லணுமே. சொன்னா அவளே ஓடிடுவா."

இரண்டு பேரும் கோப்புகளை மூடிவிட்டு யோசித்தார்கள். கடைசியில் நொனோய்தான் வழி கண்டுபிடித்தான். வருகிறவர்களைத் தடுக்க முடியாது. ஆனால் திட்டில் ஏற்றாமல் இருக்கலாம். எல்லோரையும் படகுகளில் உட்காரவைத்து, தூரத்தில், மீன்பிடிப்பவர்கள் மாதிரி நிறுத்திவிட வேண்டியது. சம்மதம் சொல்லி மோதிரம் மாட்டி முடிந்ததும், அந்தப் பக்கமாகத் தற்செயலாக வந்ததுபோல் ஒவ்வொரு படகாகக் கிட்டே வரலாம். கல்யாணம் ஆனபிறகு மரிவிக் எங்கே போவாள்?

"பாட்டுக் குழு வெள்ளை அங்கியில வருமே. அவங்களும் மீன்பிடிக்கிறவங்களா?"

"அவங்களை ரொம்ப தூரத்துல நிறுத்து."

பொர்ஃபிரியோ மாமாவுக்கு இந்த யோசனை மிகவும் பிடித்துப்போயிற்று. "பொண்ணு வீட்டு முறையா?" என்று கேட்டுவிட்டு, விசேஷத்துக்குப் போடும் எம்பிராய்டரிச் சட்டைக்குப் பொருத்தமாக ஒரு வலை வாங்கக் கடைத்தெருவுக்குக் கிளம்பினார்.

மிச்சம் இருந்தது படகு மட்டும்தான். கல்யாணத்துக்கு முந்தின நாள் அலுவலகத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, தன்னை யாருக்கும் தெரியாத படகுத்துறையாகப் பார்த்துப் போனான் சாந்தோ. துறையில் ஆம்பளைகள் யாரும் இல்லை. ஒரு நடுத்தர வயதுப் பெண் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். கரையில் வரிசையாகப் படகுகள் நின்றன. அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அக்கா, நாளைக்குப் படகு வேணும். எத்தனை இருந்தாலும் பரவால்ல, எல்லாத்தையும் எடுத்துக்கறேன்."

"நாளைக்கா? ஒன்னுகூட இல்லையேப்பா."

"இத்தனை நிக்குதே?"

"நிக்குது. எல்லாம் பேசியாச்சு. இந்தத் துறை, பக்கத்துத் துறை, எல்லாத்தையும் ஒரே பொண்ணு போன வாரமே வந்து வளைச்சுப் போட்டுடுச்சு. இன்னும் கிடைக்குமான்னு கேட்டுச்சு."

"ஒரே பொண்ணா? இத்தனை படகை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறா?"

அவள் கருவாட்டை விட்டுவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். நம்பலாம் என்று தோன்றியிருக்க வேண்டும். கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"மருந்துக்கடை மரிவிக்தான்ப்பா, நாளைக்கு அவளுக்குக் கல்யாணம், அவங்க ஊர்சனமே போகுது. நீ யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதே, மாப்பிள்ளைக்குக் கூட்டம்னாலே ஆகாதாம், முசுடாம், தெரிஞ்சா கல்யாணத்தையே நிறுத்திடுவானாம்."