ஷூவைப் பழக்கும் படலம்

பதினோராவது ஜோடியும் கடித்தது.

"எங்க கடிக்குது?" என்றாள் மனைவி.

"எல்லா இடத்துலயும்."

"பத்து ஜோடிக்கும் இதையேதான் சொன்னீங்க. ஷூ உங்களைக் கடிக்குதா, நீங்க ஷூவைக் கடிக்கிறீங்களா?"

கடை விற்பனையாளர் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே குந்தியிருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு மட்டும் மிச்சமிருந்தது; உயிர் ஏழாவது ஜோடியிலேயே போய்விட்டது.

இத்தனை பெட்டிகளைத் திறக்கவைத்தவர் ஆவணக் காப்பகம் ஒன்றின் கண்காணிப்பாளர். அலுவலகத்தில் 'ரெக்கார்டு சார்'. முப்பது ஆண்டு உத்தியோகத்தில் அவரைவிட அதிகம் தேய்ந்தது அவருடைய நாற்காலிதான். இன்னும் மூன்று வாரத்தில் மனைவியோடு ஐரோப்பாவுக்குப் பத்து நாள் சுற்றுலா. பயண நிறுவனம் கொடுத்த தாளில், 'தினமும் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர் நடை. தெருக்கள் கல் பாவியவை. நன்கு பழகிய காலணி அவசியம்' என்று அச்சிட்டிருந்தார்கள். நான்காம் நாள் ஒரு மணிக்கூண்டு. முந்நூற்றுப் பதினோரு படிகள். அந்த வரிக்கு அடியில் மனைவி சிவப்பு மையால் கோடு போட்டு, பக்கத்தில் 'இரண்டு பேரும்' என்று எழுதியிருந்தாள்.

அப்படி எழுதக் காரணம் இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மலைக்குப் போனபோது, முதல் வளைவிலேயே இவர் பைகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். உச்சியில் எடுத்த படங்களில் எல்லாம் மனைவி தனியாக நிற்கிறாள். ஒரே ஒரு படத்தில், அடிவாரத்தில், ஒரு புள்ளி தெரியும். வீட்டுக்கு வருகிறவர்களிடம் ஆல்பத்தைப் புரட்டி, "இந்தப் புள்ளிதான் எங்க வீட்டுக்காரர்" என்று அறிமுகம் செய்துவைப்பாள்.

"இந்தத் தடவை கால் வலின்னு ஒரு வார்த்தை கிளம்புறதுக்கு முன்னாடி வரட்டும், நான் தனியாவே போயிடுவேன். அங்க போய் வந்துதுன்னா, பையோட பையா விட்டுட்டு வந்துடுவேன்" என்று டிக்கெட் வந்த அன்றே சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

அவர் அலமாரியின் மூலையில் இருந்த ஒரு தடித்த வெள்ளை ஷூவை ஆசையோடு காட்டினார். "இது மெத்தை மாதிரி இருக்கு."

"பார்க்கவும் மெத்தை மாதிரிதான் இருக்கு. அதைப் போட்டுக்கிட்டு போட்டோவுல என் பக்கத்துல நிக்காதீங்க. இந்தத் தேன் கலர் இருக்கட்டும். உங்களுக்கு எடுப்பா இருக்கு."

"தோல் ஷூ சார்" என்று விற்பனையாளர் பாய்ந்து பிடித்துக்கொண்டார். "ரெண்டு வாரம் நடந்தா பஞ்சு மாதிரி ஆயிடும்."

"யாரு நடந்தா?"

"யாரு நடந்தா என்ன சார், தோலுக்கு ஆளா தெரியப் போகுது?"

சொன்னவர் மறந்துவிட்டார். கேட்டவர் மறக்கவில்லை.

அவருடைய பழைய செருப்பை மனைவி அங்கேயே குப்பைக் கூடையில் போட்டாள். "இது வீட்டுல இருந்தா அதைத் தொட மாட்டீங்க."

மறுநாள் மாலை, ஷூவை உள்ளிருந்து விரிவுபடுத்தும் நோக்கத்தோடு அவர் மூன்று காலுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு காலை நுழைத்தார். கால் போனது. திரும்பி வரவில்லை. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்ள, மனைவி குதிகாலைப் பிடித்து இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் ஷூ கழன்று, அவள் சோபாவிலும் ஷூ மின்விசிறியிலும் போய் விழுந்தன.

"ரொம்ப இறுக்கமோ?" என்றாள், கூந்தலை ஒதுக்கிக்கொண்டு.

"சேச்சே, பிரமாதமா இருக்கு. கால் வரவே மாட்டேங்குது பாரு."

அன்று வாங்கிய கொப்புளம் கோலிக்குண்டு அளவு. கதவைச் சாத்திக்கொண்டு களிம்பு போட்டார்.

ஆனால் அவர் முப்பது ஆண்டு அலுவலகத்தில் இருந்தவர். கஷ்டமான கோப்பு எது வந்தாலும் ஓரத்தில் 'மேல் நடவடிக்கைக்கு' என்று எழுதிக் கீழே தள்ளிவிடுவது அவருக்குக் கைவந்த கலை. மறுநாள் காலை அலுவலக உதவியாளரைக் கூப்பிட்டார். உதவியாளருக்கு வயது நாற்பத்தெட்டு. நாலு மாடியும் ஓயாமல் சுற்றுவதால் எல்லாரும் அவரைக் 'காத்தாடி' என்றே கூப்பிடுவார்கள்.

"உங்க கால் அளவு என்ன காத்தாடி?"

"ஒன்பது சார்."

"எனக்கும் ஒன்பது!" காணாமல்போன சொந்தத்தைக் கண்டுபிடித்ததுபோல் அவர் குரல் தழுதழுத்தது. "இந்த ஷூவைப் போட்டு ரெண்டு வாரம் நடங்க. வீட்டுக்கும் இதையே போட்டுக்கிட்டுப் போங்க. வெளிய மூச்சு விடக் கூடாது."

"அப்ப நீங்க எதைப் போடுவீங்க சார்?"

இருவரும் காத்தாடியின் ரப்பர் செருப்பைப் பார்த்தார்கள்.

அன்றிரவு மனைவி வாசலில் அதைப் பார்த்து, "இது யாரு செருப்பு?" என்று கேட்டாள்.

"ஆபீஸ் செருப்பு. ஷூவை ஆபீஸ்லயே வச்சுப் பழகுறேன்."

"ஆபீஸ்ல செருப்பு வேற குடுக்குறாங்களா?"

"இப்பக் குடுக்குறாங்க."

உண்மையில் நிலைமை நேர்மாறு. புதிதாக வந்திருந்த மேலாளர் முதல் வேலையாகச் செருப்புக்கு எதிராகத்தான் சுற்றறிக்கை விட்டிருந்தார். அதிகாரிகள் ஷூவில்தான் வர வேண்டும். இவருடைய விடுப்பு விண்ணப்பமோ அந்த மேலாளர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. செருப்போடு மாட்டினால் ஐரோப்பா அப்படியே போய்விடும்.

நான்காவது மாடியில் இருந்த ஆவண அறைக்கு அரைக்கதவு. வெளியே நிற்பவருக்கு உள்ளே இருப்பவரின் முழங்காலுக்குக் கீழேதான் தெரியும். முதல் நாளே மேலாளர் கதவருகே வந்து நின்றார். உள்ளே இரண்டு ரப்பர் செருப்புகள்.

"யாரு, காத்தாடியா? இதை முதல் மாடியில குடுத்துட்டு வா." கதவுக்கு அடியில் ஒரு கோப்பு நீண்டது.

ரெக்கார்டு சார் உறைந்துபோனார். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு, "சரிங்க சார்" என்றார். மேலாளரின் காலடி ஓசை மறைந்ததும் கோப்போடு லிஃப்டுக்கு ஓடினார்.

காத்தாடி கதை வேறு மாதிரி. தேன் நிற ஷூ கதவுக்கு அடியில் தெரிந்தால், வெளியே பெஞ்சில் இருந்த பொதுமக்கள் எழுந்து நின்றார்கள். மேலாளரும், "நீங்க வேலையைப் பாருங்க சார், நான் காத்தாடியையே பார்த்துக்கிறேன்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, செருப்பைத் தேடிப் போனார். ஒரு நாளைக்கு ஏழு கோப்பு, எட்டுக் கோப்பு. எல்லாம் செருப்புக்குத்தான் வந்தன.

"காத்தாடி, நீங்க நடக்கவே மாட்டேங்குறீங்களே!"

"நடக்க விட மாட்டேங்குறாங்க சார். எழுந்தா, 'உக்காருங்க சார்'ங்குறாங்க. கவலைப்படாதீங்க, வீட்டுக்கு நாலு கிலோமீட்டர், போக வர நடக்குறேன்ல."

மூன்றாம் நாள் மாலை ரெக்கார்டு சார் ஆவண அறைச் சாவியை மேஜையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். பின்னாலேயே அழைப்பு மணி அடித்தது. குளியலறையில் இருந்தவர் ஜன்னல் வழியே பார்த்தால், வாசலில் காத்தாடி. கையில் சாவி. காலில் தேன் நிறம்.

சோப்பு நுரையோடு துண்டைக் கட்டிக்கொண்டு ஓடி வருவதற்குள் மனைவி கதவைத் திறந்து, தண்ணீர் கொடுத்து, குடும்பத்தையே விசாரித்து முடித்திருந்தாள். ஏதோ பத்து நிமிஷப் பேச்சு. இவரைக் கண்டதும் காத்தாடி சாவியைக் கொடுத்துவிட்டுப் பறந்தார்.

"ரொம்ப நல்ல மனுஷன்" என்றாள் மனைவி. "ஷூகூட உங்களுது மாதிரியே இருக்கு."

"அது... இப்ப எல்லாரும் அந்தக் கலர்தான் போடுறாங்க."

"அப்படியா?" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று அவர் மீதி நுரையைக் கழுவப் போனார்.

மறுநாள்தான் பேரிடி. தரைத்தளத்தில் லிஃப்ட் கதவில் 'பழுது' என்ற அட்டை தொங்கியது. நான்காவது மாடியிலும் அதே அட்டை.

"எப்ப சரி பண்ணுவாங்க காத்தாடி?"

"உதிரிபாகம் வெளியூர்லேர்ந்து வரணுமாம் சார்."

ஐரோப்பாவுக்கு வெளியூர்க்காரனாகப் போகவிருந்தவர் அந்த உதிரிபாகத்தைச் சபித்தார். அன்று எட்டுக் கோப்பு. ஒவ்வொன்றுக்கும் மூன்று மாடி இறக்கம், மூன்று மாடி ஏற்றம். ஐந்தாவது தடவை இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்து, தன்னைப் பெற்ற அம்மாவை நினைத்துக்கொண்டார். மேலாளர் மட்டும் எப்படியோ வியர்வைத் துளிகூட இல்லாமல் நான்காம் மாடிக்கு வந்துகொண்டே இருந்தார். இளம் ரத்தம் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

தினமும் ரெக்கார்டு சார் ஷூவைப் பற்றிக் கேட்பார். தினமும் காத்தாடி காலை அசைத்துப் பார்த்து, கண்ணை மூடி, நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி யோசிப்பார். "குதிகால் இன்னும் கொஞ்சம் பிடிவாதமா இருக்கு சார். ரெண்டு நாள் போகட்டும்."

இரண்டு நாள் போகும். பிறகு சுண்டுவிரல் பக்கம் பிடிவாதம் பிடிக்கும்.

வீட்டில் அவர் சாப்பிட்ட தட்டிலேயே தூங்கினார். இடுப்பு வாருக்குப் புதிதாக ஒரு துளை போட வேண்டியிருந்தது. மனைவி கேள்வி எதுவும் கேட்காமல் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். "புது ஷூ போட்டு நடக்குறீங்கல்ல, அலுப்பா இருக்கும்" என்று அனுதாபப்பட்டாள். அந்த அனுதாபம் அவர் மனசாட்சியைக் கொப்புளத்தைவிட அதிகமாக உறுத்தியது.

கடைசி வேலை நாள் வந்தது. விடுப்பு விண்ணப்பம் கையெழுத்தாகித் திரும்பியது. மேலாளர் தம் கையாலேயே ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்: 'எப்போது பார்த்தாலும் இருக்கையை விட்டு நகராமல் உழைப்பவர். ஓய்வு அவசியம்.'

ரெக்கார்டு சார் அதை இரண்டு முறை படித்தார். ஒரு கையால் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

மாலை ஐந்து மணிக்கு அரைக்கதவுக்குப் பின்னால் ஷூவும் செருப்பும் மீண்டும் இடம் மாறின. தயங்கித் தயங்கிக் காலை நுழைத்தார். நுழைந்தது. விரல்களை அசைத்தார். அசைந்தன. கொப்புளம் இருந்த இடத்தில் தோல் மெத்தென்று படிந்தது.

"காத்தாடி! பஞ்சுங்க! கடைக்காரன் சொன்னது சரிதான். எப்படிங்க இதைச் சாதிச்சீங்க?"

"என்ன சார் பெரிய வார்த்தையெல்லாம் சொல்றீங்க" என்று காத்தாடி கூச்சப்பட்டார். தம் செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அடிப்பாகம் காகிதமாகத் தேய்ந்திருந்தது.

"வாங்க, கீழ வரைக்கும் சேர்ந்து போவோம்."

பழக்க தோஷத்தில் அவர் நேராகப் படிக்கட்டுக்குப் போனார். இரண்டிரண்டு படியாக, மணிக்கூண்டில் எப்படி நின்று போட்டோ எடுத்துக்கொள்வது என்று பேசிக்கொண்டே இறங்கினார். முதல் மாடியில் குடையை மறந்தது நினைவுக்கு வந்து, மறுபடி நான்காம் மாடிக்கு ஏறி, எடுத்துக்கொண்டு, பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து இறங்கினார். காத்தாடிக்குத்தான் மூச்சு வாங்கியது.

தரைத்தளத்தில் கால் வைத்தபோது டிங் என்று ஒரு சத்தம். லிஃப்ட் கதவு திறந்தது. மேலாளர் சிரித்த முகத்தோடு வெளியே வந்து, ஷூவைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போனார்.

ரெக்கார்டு சார் அப்படியே நின்றார். "லிஃப்ட் எப்பங்க சரியாச்சு?"

காத்தாடி தலையைச் சொறிந்தார். அக்குளில் இடுக்கியிருந்த 'பழுது' அட்டைகள் இரண்டையும் மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"அது கெட்டுப்போகவே இல்ல சார், ஷூ மூணாம் நாளே பஞ்சாயிடுச்சுன்னு அன்னிக்குச் சாவி குடுக்க வந்தப்ப உங்க வீட்டுல சொன்னேன், 'பழக வேண்டியது ஷூ இல்ல தம்பி, அவரு'ன்னு சொல்லி, நீங்க வர்ற நேரம் பார்த்து மாட்டுறதுக்கு இந்த ரெண்டு அட்டையையும் எழுதிக் குடுத்ததே உங்க வீட்டம்மாதான்."