கெட்ட காத்து கிளினிக்

ஒரு காட்டில் ஒரு கிளினிக் இருந்தது. அதற்கு டாக்டராக ஒரு கழுதை இருந்தது. அந்தக் கழுதை வேறு யாருமில்லை, நான்தான். வெளிக்காட்டுக்குப் போய்ப் படித்தவன். படித்ததில் பாதி மறந்துவிட்டது, திமிர் மட்டும் அப்படியே இருக்கிறது.

கிளினிக் ஏசி போன கோடையிலேயே நின்றுவிட்டது. ஆனால் 'ஏசி அறை, சன்னலைத் திறக்காதீர்' என்ற போர்டை மேனேஜர் நரி தினமும் துடைத்து வைக்கும். கால் சுளுக்கி வந்த மான்கூட இருமலோடுதான் திரும்பிப் போனது. வெள்ளச்சி என்கிற முயலின் குட்டிக்கு இழுப்பு. வீட்டில் இருந்தால் தேறும், என்னிடம் காட்ட வந்து உட்கார்ந்தால் மறுபடி இழுக்கும்.

எனக்கே சந்தேகம் வந்து, காற்றை அளக்கும் மெஷின் ஒன்றை வரவழைத்துச் சுவரில் மாட்டினேன். மஞ்சள் விளக்கு எரிந்தது.

"பாத்தியாம்மா? இங்க காத்து கெட்டுக் கெடக்கு. அதான் பிள்ளைக்கு இழுக்குது" என்றேன், பெரிய மேதை மாதிரி.

வெள்ளச்சிக்கு முகம் வெளிறிவிட்டது. "கெட்ட காத்தா டாக்டர்? நானும் அதத்தான் நெனச்சேன்!"

எங்கள் காட்டில் கெட்ட காத்து என்றால் பேய். நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் பேயோட்டும் கோடாங்கி ஆந்தையைக் கூட்டிவந்துவிட்டார்கள். அது உடுக்கை அடித்தது. சாம்பிராணி போட்டது, கூடவே மிளகாயும் போட்டது. மெஷின் சிவப்பாகிக் கீகீ என்று கத்தியது.

"பேய் அலறுது பாருங்க!" என்றது ஆந்தை. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

புகையில் குட்டிக்கு மூச்சு முட்டி உதடு நீலமாகிவிட்டது. "சன்னலைத் திறங்கய்யா!" என்று கத்தினேன். நரி போர்டைக் காட்டியது. என் பட்டங்களையெல்லாம் சொல்லிப் பார்த்தேன், ஒருவரும் அசையவில்லை.

வேறு வழி தெரியவில்லை. தரையில் விழுந்து புரண்டேன். ஸ்டெதாஸ்கோப்பைத் தலைக்கு மேல் சுழற்றி, பிறவிக்குரலில் கத்தினேன்: "போறேன்டா! நான் போறேன்! சன்னலத் தொறந்து வழி விடுங்கடா!"

நரிதான் முதலில் ஓடிப்போய்த் திறந்தது. காற்று உள்ளே வந்தது. மெஷின் பச்சையானது. குட்டி ஒரு முறை நன்றாக மூச்சை இழுத்து விட்டதும் வெள்ளச்சி அழுதாள், நானும் அழுதேன்.

"சாமி, நீங்க இல்லேன்னா எம்பிள்ளை என்னாயிருக்கும்!" என்று அவள் ஆந்தையின் காலில் விழுந்தாள்.

பேய் திரும்பி வந்துவிடக் கூடாதென்று இப்போது தினமும் சாயங்காலம் நரி சன்னலைச் சாத்திவிடுகிறது. அதனால் தினமும் காலையில், நோயாளிகளைப் பார்க்குமுன், நான் ஒரு ஆட்டம் போட வேண்டியிருக்கிறது.

நீதி: டாக்டருக்குப் படித்தால் மருந்து எழுதலாம், சன்னல் திறக்க வேண்டுமென்றால் பேய்தான் பிடிக்க வேண்டும்.