பாவுக்கு வைத்த கஞ்சி

பண்டிகை நாளில் உடம்பைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று யாராவது பேச ஆரம்பித்தால், நான் மெதுவாக எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன். ஒரு காலத்தில் அந்தப் பேச்சைப் பேசிக்கொண்டு திரிந்தவனே நான்தான்.

அறுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்தைந்து வயது, கல்யாணமாகி நான்கு மாதம். நெசவுக் குடும்பம்தான் என்றாலும் என் அப்பா தறியை விட்டுவிட்டு ரயில்வே வேலைக்குப் போனவர். அரக்கோணம் குவார்ட்டர்ஸில் வளர்ந்த நான், தறிச் சத்தம் கேட்டால் ஏதோ வண்டி பழுது என்று நினைப்பேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ரயிலடியில் வாங்கிய ஓர் இயற்கை வைத்தியப் புத்தகம். அதை மனப்பாடம் செய்து, எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் வயிற்றைப் பற்றி உபதேசம் செய்துகொண்டிருந்தேன். (கேட்டவர்கள் பாவம்.)

தலைதீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே பெரிய காஞ்சிபுரத்தில் மாமனார் வீட்டில் போய் இறங்கினோம். மாமியார் ஒரு தட்டு நிறைய அதிரசமும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தார். நான் தட்டைத் தள்ளிவைத்தேன்.

"பண்டிகையிலதான் அத்தை வயிறு கெட்டுப்போகுது. எண்ணெய்ப் பண்டமே கூடாது. காலையில எனக்குக் கஞ்சி போதும்."

"இன்னா மாப்ளே, தலைதீவாளிக்கு வந்துட்டுக் கஞ்சி கேக்கறீங்க? தெருவுல நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?"

என் மனைவி வசந்தா அருகில் வந்து காதோடு சொன்னாள். "உங்களப் பத்தி இங்க பெருமையா சொல்லி வெச்சிக்கிறேன். மானத்த வாங்கிடாதீங்க." அவள் மெச்ச வேண்டும் என்றுதான் அத்தனை உபதேசமும். அது அவளுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் காலை, நான்கு நாள் மழைக்குப் பிறகு வெயில் தலைகாட்டியது. மாமனார் அக்கம்பக்கத்து ஆட்களோடு தெருவின் நீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். பாவு என்றார்கள். நானும் எல்லாம் தெரிந்தவன்போலத் தலையாட்டிவிட்டு உள்ளே வந்தேன். வசந்தா கிணற்றடியில் இருந்தாள். மாமியார் வாசலில் யாரிடமோ சொல்வது கேட்டது.

"கஞ்சி ஆறிடுச்சிபா, கூடத்துல மூடி வெச்சிக்கிறேன்."

கூடத்தில் ஒரு பித்தளைத் தவலை இருந்தது. எனக்கொருவனுக்குத் தவலை நிறையக் கஞ்சி! புது மாப்பிள்ளை என்றால் சும்மாவா என்று பூரித்துப்போய் ஒரு சொம்பு மொண்டு குடித்தேன். விளக்கெண்ணெய் வாசனை அடித்தது. என் புத்தகம் விளக்கெண்ணெயை ஏகத்துக்குப் புகழ்ந்திருந்ததால் மாமியார்மேல் மரியாதை கூடியது. இன்னொரு சொம்பும் உள்ளே போயிற்று. உப்பில்லை என்பதுதான் ஒரே குறை. புகுந்த இடத்தில் குறை சொல்லக் கூடாதல்லவா? நானே சமையலறையிலிருந்து ஒரு கை கல்லுப்பும் ஒரு சட்டி மோரும் கொண்டுவந்து தவலையில் கொட்டி, நன்றாகக் கலக்கிவிட்டேன். (மற்றவர்களும் குடிக்கட்டுமே என்ற நல்லெண்ணம்.)

மூன்றாவது சொம்பு வாயில் இருக்கும்போது மாமனார் உள்ளே வந்தார்.

"பாவுக்கு வெச்ச கஞ்சி..." என்று ஆரம்பித்தவர், என் மீசையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

பட்டு இழை பிரியாமல் விறைப்பாக நிற்கக் கஞ்சி தடவுவார்கள் என்பதும், அந்த வீட்டில் வழவழப்புக்காக அதில் விளக்கெண்ணெய் விடுவார்கள் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மாமியார் ஓடிவந்து தவலையை எட்டிப் பார்த்தார். "மோரையுமா ஊத்தினீங்க?"

"உப்பும் போட்டேன்" என்றேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

அதற்குள் மேற்கே மேகம் கூடிவிட்டது. மழைக்கு முன் கஞ்சி போட்டுக் காயவைத்துச் சுருட்டாவிட்டால், கல்யாணப் புடவைகளுக்கான அத்தனை பட்டும் பாழ். புதிதாகக் காய்ச்ச நேரமில்லை. நல்லவேளை, எல்லா வீட்டிலும் சோறு வடிக்கும் நேரம். மாமியார் குடத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

"வடிகஞ்சி இருந்தா கொஞ்சம் ஊத்துமா."

"இன்னாக்கா, திடீர்னு?"

"மாப்ள குடிச்சிட்டாரு."

"ஐயய்யோ! காலங்காத்தாலயா? மதுவிலக்கு ஊர்ல எங்கக்கா கெடச்சுது?"

"அந்தக் குடி இல்லமா. பாவுக் கஞ்சி!"

வீட்டுக்கு வீடு இதே பேச்சு. நான் ஜன்னலோரம் நின்று ஒவ்வொன்றையும் கேட்டேன். கடைசி வீட்டு அம்மாள் எதுவுமே கேட்கவில்லை. பாத்திரத்தோடு வாசலில் தயாராக நின்றிருந்தாள்.

பாவு தப்பித்தது. நான் தப்பிக்கவில்லை. மத்தியானம் விளக்கெண்ணெய் தன் வேலையைத் தொடங்கியது. பாய்க்கும் புழக்கடைக்குமாக நான் நடந்த நடையில் அரக்கோணத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். வசந்தா சொம்பில் தண்ணீர் வைப்பாள், போய்விடுவாள். ஒரு வார்த்தை பேசவில்லை. வயிற்றைவிட அதுதான் என்னை வாட்டியது. இனி எந்த முகத்தோடு இவளிடம் பேசுவது என்று படுத்துக் கிடந்தேன்.

தீபாவளியன்று காலை வீடெல்லாம் பலகார வாசனை. நான் மட்டும் புது வேட்டியோடு சுவரில் சாய்ந்து, நான் கேட்டுக்கொண்டபடியே, ஒரு டம்ளர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். மாமனார் வந்து எதிரில் உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று நிமிர்ந்தேன்.

"உப்பு போதுமா மாப்ளே?" என்றார் நிதானமாக.

வசந்தா அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நானும் சிரித்தேன், சிரித்ததில் மறுபடியும் புழக்கடைக்கு ஓட வேண்டியிருந்தது. ஆனாலும் அத்தனை சந்தோஷமான தீபாவளி எனக்கு அதற்கப்புறம் வாய்க்கவில்லை.

அந்தப் பாவில் நெய்த புடவைகளில் ஒன்றை மாமனார் மகளுக்கே கொடுத்துவிட்டார். மாம்பழ நிறத்தில் அரக்கு பார்டர். இன்றைக்கும் விசேஷங்களில் யாராவது அதைத் தொட்டுப் பார்த்து விசாரிப்பார்கள். வசந்தா பெருமூச்சு விட்டுக்கொண்டு, "இந்தப் புடவைக்குன்னு வெச்சிருந்ததத்தான் இவரு குடிச்சே தீர்த்துட்டாரு" என்று சொல்லி அதோடு நிறுத்திவிடுவாள். கேட்டவர்கள் அவளைப் பரிதாபமாகவும் என்னை ஒரு தினுசாகவும் பார்ப்பார்கள். "கஞ்சின்னு சொல்லேன்டி!" என்று நான் கெஞ்சினால்தான் மீதிக் கதை வரும்.