சினிமாவில் செத்தவனுக்கு வாரிசு எதற்கு?

கம்பாலா,
புதன்கிழமை

பெருமதிப்புக்குரிய நக்கிமேரா அத்தைக்கு,

வாழைத்தோட்டம் செழிப்பா, ஆடு குட்டி போட்டதா, முழங்கால் வலி தேவலையா? நீங்கள் எல்லாரும் எனக்காக அழுதுகொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அழுகையை நிறுத்துங்கள். நான் நன்றாக இருக்கிறேன். இப்போதுதான் வாழைக்காயை வேகவைத்து மசித்த மத்தோகே இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

நடந்தது இதுதான். நம் நாட்டுச் சினிமா எப்படித் தலையெடுக்கிறது என்று ஆவணப்படம் எடுக்க டென்மார்க்கிலிருந்து பிர்கிட்டா என்றொரு அம்மாள் வந்தார். எங்கள் தெருதான் ஸ்டூடியோ, துப்பாக்கி தச்சர் செய்தது, ரத்தம் பலூனில் அடைத்த சிவப்புச் சாயம். அங்கே கொள்ளைக்கூட்டத் தலைவனாக நடித்துச் செத்தவன் நான். சாவதில் உகாண்டாவிலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, எல்லாரும் சொல்கிறார்கள். இயக்குநர் கட் சொல்லியும் நான் எழுந்திருக்கவில்லை, ஒரு கோழி வந்து நெற்றியைக் கொத்தியது, அப்போதும் அசையவில்லை, அந்த அம்மாள் சொக்கிப்போய் அதை அப்படியே தன் படத்தில் வைத்துவிட்டார்.

அந்தப் படம் நம் ஊர் வீடியோ கொட்டகைக்கு வந்திருக்கிறது. ஓடுகிற படத்துக்கு மேலே மைக்கில் கதை சொல்கிற கயோன்டோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? "சனங்களே, இது கதைப்படம் இல்ல, நெஜத்தைப் புடிச்ச படம்! பொய்யே கெடையாது! ஐயோ, நம்ம கசும்பா போய்ட்டான்யா!" என்று கத்தினானாம். நீங்களும் நம்பி, உடல் கிடைக்கவில்லையே என்று ஒரு வாழைத்தண்டை மரப்பட்டைத் துணியில் சுற்றிப் புதைத்துவிட்டீர்கள். கேட்டதும் போனை எடுத்தேன் அத்தை.

உங்களுக்குப் போன் செய்தால், "ஐயோ, செத்தவன் கொரலு!" என்று அலறி வைத்துவிட்டீர்கள். அண்ணன் மகன் முகேர்வாவைக் கூப்பிட்டேன்.

"யாருங்க?"

"கசும்பாடா, உன் சித்தப்பன்."

"சித்தப்பா செத்துட்டாரு. சனிக்கெழம வாரிசுச் சடங்கு. ஈட்டிய என் கையில குடுத்ததும் கசும்பா நான்தான்."

"டேய், உசுரோட பேசுறேன்டா!"

"பேசுங்க சித்தப்பா, யாரு வேணாங்குறா? வீட்டுச் சாவிய எங்க வச்சீங்க?"

எப்படி இருக்கிறது பாருங்கள்! நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? ஈட்டி கைமாறினால் என் பெயர், வீடு, தோட்டம் எல்லாம் அவனுடையது. நாளைக்கு நீ யாரப்பா என்று குலத்தார் என்னைக் கேட்டால் நான் எந்தப் பெயரைச் சொல்வது? நேரில் வந்தால் பேய் என்று கல்லெடுப்பீர்கள். அதுவுமில்லாமல் வெள்ளிக்கிழமை வரை எனக்கு இரண்டு படங்களில் சாவு இருக்கிறது. ஆகவே குலத்தலைவரிடம் அழுத்திச் சொல்லி அந்தச் சடங்கை நிறுத்துங்கள். சடங்குக்காகப் புளிக்கவைத்த வாழைப்பழக் கள்ளைக் கொட்டிவிட வேண்டாம், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

கயோன்டோ நீங்கலாகக் குலத்தார், அண்டை அயலார் அனைவரையும் கடவுள் நோய்நொடியில்லாமல் வைக்கட்டும்.

இன்னும் சாகாத உங்கள் மருமகன்,
கசும்பா

பி.கு.: வேன் ஓட்டுநரிடம் இதைக் கொடுத்தனுப்பப் போனபோது பிர்கிட்டா அம்மாள் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். கண் கலங்கிவிட்டார். நாட்டுச் சினிமாவை இப்படி நம்புகிற சனங்களை அவர் எங்கும் பார்த்ததில்லையாம். சனிக்கிழமை காமிராவோடு ஊருக்கே வருகிறார். ஆகவே சடங்கை நிறுத்திவிடாதீர்கள் அத்தை, எல்லாரும் நன்றாக அழுங்கள். ஆனால் முகேர்வாவுக்கு நடிப்பு சுட்டுப்போட்டாலும் வராது, படமே கெட்டுவிடும். என் வாரிசாக நானே உட்கார்ந்துகொள்கிறேன்.