அந்தோணியாருக்கு மூச்சு முட்டியது

“ஏ கலை, இந்த ஒலகத்துல ஒம் பேர்ல இன்னாதான் இருக்குது?”

விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்ட மூத்த நாத்தனார் இசைவாணி ஒருமுறை இப்படிக் கேட்டாள். கேட்ட இடம், கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்கிய பிள்ளைக்கு வைத்த புதுநன்மை விருந்துப் பந்தி. கேட்டபோது அவள் கையில் கோழிக்கால் இருந்தது. பந்தியே சிரித்தது. கலைமதிக்கு அன்றைக்குப் பிரியாணி இறங்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் கேள்வியில் தப்பும் இல்லை. வீடு மாமனார் பேரில். வண்டி புருஷன் தென்னரசு பேரில். கரண்டு பில்லோ, எப்போதோ செத்துப்போன மாமனாருடைய அப்பா பேரில் இன்னமும் மரியாதையாக வந்துகொண்டிருந்தது.

அந்தக் கலைமதிதான் இன்று இந்தியாவிலேயே முதலிடம்.

வளவனூரில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த அவள் அப்பா, புதுச்சேரியிலிருந்து வரும் பித்தளைக் குவியலில் பொறுக்கி வைத்தவை அவளுக்குச் சீதனமாக வந்திருந்தன. பிரெஞ்சுக்காரன் காலத்துக் காசுகள் கொஞ்சம், அந்தோணியார் பதக்கம் ஒன்று. அவற்றைத் தரம் பார்க்கிறவர்களுக்கு அனுப்பினாள். அவர்கள் ஒவ்வொன்றுக்கும் மார்க்கு போட்டு, எண் ஒட்டி, திறக்கவே முடியாத பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துத் திருப்பி அனுப்பினார்கள். அந்த எண்களைக் காசு சேர்ப்பவர்களின் இணையப் பதிவேட்டில் ஏற்றியதும், புதுச்சேரிப் பிரிவில் பெயர் மேலே வந்து நின்றது: கலைமதி, திண்டிவனம். முதல் இடம்.

அன்று முதல் அவள் தண்ணீர்க் குடம் தூக்குகிற நடையே மாறிவிட்டது.

அந்தப் பிரிவில் மொத்தமே மூன்று பேர்தான் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. இரண்டாவது இடம் இசைவாணி. வயிறெரிந்து, பாண்டிச்சேரி முழுக்க அலைந்து காசு வாங்கிச் சேர்ந்தவள். மூன்றாவது, பேர்கூடப் போடாத யாரோ, ஒற்றைக் காசோடு. பாவமே என்று கலைமதி அந்த ஆளுக்கு ஒரு கைகூப்பு அனுப்பி வைத்திருந்தாள்.

பதிவேட்டுக்காரர்களிடமிருந்து செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாரும் டப்பாவோடு புதுப்படம் ஏற்ற வேண்டும். ஒரு டப்பா குறைந்தாலும் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும்.

சனிக்கிழமை காலை, படம் எடுக்க பீரோவைத் திறந்தவள் அலறினாள். அந்தோணியார் டப்பா இரண்டாகப் பிளந்து கிடந்தது. அந்தோணியாரைக் காணவில்லை.

“இன்னாத்துக்கு இந்தக் கத்து கத்தற?” ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள் மாமியார் சவுரியம்மாள். “நான்தான் குழவியால ஒரு போடு போட்டேன்.”

“அத்தே!”

“பின்ன? கதவும் இல்ல, சன்னலும் இல்ல. அந்தோணியாருக்கு மூச்சு முட்டாதா? நாம பண்ற செபம் அவரு காதுல எப்பிடி வுழும்?”

அந்தோணியார் சமையல்கட்டில் புளித்தண்ணீரில் முங்கிக் கிடந்தார். எடுத்துப் பார்த்தால், காலகாலமாகப் படிந்த கறுப்பு போய், புதுச் சொம்பு மாதிரி பளபளத்தார்.

“கறுப்பு போனா மார்க்கு போச்சி அத்தே!”

“அதுக்கு ஏன் அழுவற? வெந்நீர் அடுப்புப் பொகையில காட்டு. கறுத்துடும்.”

கலைமதி இடுக்கியில் பிடித்துக் காட்டினாள். கறுத்தது. கறுத்த கறுப்பில் அந்தோணியார் கையிலிருந்த குழந்தை இயேசுவே தெரியாமல் போய்விட்டார்.

“இப்ப ஜல்தியா டப்பாவுல போட்டு, சட்டுனு ஒட்ற பசை வெச்சி ஒட்டிடு” என்றாள் மாமியார். “படத்துல யாரு உத்துப் பாக்கப் போறா?”

ஒட்டினாள். பசை பட்ட இடமெல்லாம் பிளாஸ்டிக் பால் மாதிரி வெளுத்தது. பதறிப்போய் விரலை எடுத்தால், எண் அச்சடித்த சீட்டு பெருவிரலோடு வந்துவிட்டது.

“ஐயோ, அது ஒண்ணும் இல்ல, சுடுதண்ணியில கைய வுடு.”

விட்டாள். விரல் பிழைத்தது. சீட்டு கஞ்சியாகக் கரைந்தது.

கலைமதி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “விழுப்புரத்துல பூவரசன் கடை இருக்குது. செல்போன் கண்ணாடி வெட்ற மிஷின் வெச்சிருக்காரு. டப்பாவ அவரு எதனா பண்ணுவாரு.”

“விழுப்புரமா?” மாமியாரின் குரல் முதல்முறையாக இறங்கியது. “வேணாம்மா. பஸ்ஸெல்லாம் கும்பலு, பேஜாரு. வுட்டுத் தொலை. ஃபஸ்டு வந்து இன்னா பண்ணப் போற?”

“அது ஒண்ணுதான் அத்தே எம் பேர்ல இருக்குது.”

சவுரியம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப நானும் வர்றேன்” என்று செருப்பைத் தேடினாள்.

பஸ்ஸில் வழி முழுக்க மாமியார் கையில் செபமாலை உருண்டுகொண்டே இருந்தது. கடை வந்ததும், “எனுக்கு வெயிலு ஒத்துக்கல, நீ போயிட்டு வா” என்று முந்தானையை முக்காடாகப் போட்டு வாசலிலேயே நின்றுகொண்டாள்.

உள்ளே போன கலைமதி அப்படியே நின்றாள். பெஞ்சில் இசைவாணி உட்கார்ந்திருந்தாள். கையில் பிளந்துபோன டப்பா.

“அண்ணி! நீங்க எங்க இங்க?”

இசைவாணி டப்பாவை முந்தானைக்குள் தள்ளப் பார்த்தாள். முடியவில்லை. கலைமதியின் கையைப் பார்த்தாள். அங்கேயும் அதே பிளவு.

“ஒன்னுதையுமா?”

“அத்தைதான் அண்ணி. குழவியால.”

“எங்க ஊட்டுக்குப் போன வாரம் வந்து, அம்மா ஒலக்கையால” என்றாள் இசைவாணி. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. “கேட்டா மூச்சு முட்டுதாம்.”

“அந்தோணியாருக்கா?”

“எங்கிட்ட ஏதுடி அந்தோணியாரு? சேவல் போட்ட காசு அது! சேவலுக்கு மூச்சு முட்டுதாம்!”

கலைமதிக்குச் சிரிப்பு வந்தது. இசைவாணிக்கும் வந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல்முறை. சிரிப்பு பாதியில் நின்றது. சேவல் எப்போது செபம் கேட்டது?

இருவரும் வாசலைப் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போயிருந்த பூவரசன் திரும்பி வந்தார். முக்காட்டுக்குள் குனிந்து பார்த்தவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

“அட, சவுரிம்மா! ஏன் வெளியவே நிக்கறீங்க? ஒங்க காசு போட்டோவ நேத்தே ஏத்திட்டேன், பேரையும் போட்டுட்டேன். மேல இருக்கிற ரெண்டு பேரும் இன்னும் போட்டோ போடலியாம். மூணாவதா கிடந்தீங்களே, திங்கக்கெழமையிலருந்து இந்தியாவுலயே நீங்கதான் ஃபஸ்டு!”

சவுரியம்மாள் முக்காட்டை எடுத்தாள். முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். மகளையும் மருமகளையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்திக்கொண்டு, பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தாள்.